ரத்தம் ஊறிவிடும், இரும்பு? – ரத்த தான வரம்புகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிசன் தன் வாழ்நாளில் 1,173 முறை தானம் செய்தார். 1954இல், 18 வயதில் தொடங்கியவர், 2018இல் 81 வயதில்தான் நிறுத்தினார். 'மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ரத்தம் கொடுக்கலாம்' என்று நாம் கேட்டு வளர்ந்த கணக்கை இந்த 64 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்தால் 256 தடவைதான் வருகிறது. மிச்சம் 900 சொச்சம் தடவை எப்படி? விதியை மீறினாரா, இல்லை அவர் உடம்பில் ஏதாவது அதிசயமா?

இரண்டும் இல்லை. பதில் ரொம்பச் சாதாரணமானது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த மூன்று மாதக் கணக்கு எதற்காக என்று முதலில் தெரிய வேண்டும். 'கொடுத்த ரத்தம் ஊறுவதற்கு மூன்று மாதம் ஆகும்' என்பார் ஒருவர். 'அதெல்லாம் இல்லை, 24 மணி நேரத்தில் ஊறிவிடும்' என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பேருமே முக்கியமான ஒரு பொருளை விட்டுவிடுகிறார்கள். அது இரும்பு.

ஒரு கேள்விக்குள் மூன்று

'நான் ரத்தம் கொடுக்கலாமா?' என்று கேட்கும்போது நாம் உண்மையில் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். ஒரு தடவையில் எவ்வளவு கொடுக்கலாம்? எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம்? நான் கொடுக்கத் தகுதியானவர்தானா? மூன்றுக்கும் தனித்தனி காரணங்கள் உண்டு. முதல் விதி, கொடுப்பவரின் ரத்த ஓட்டம் தடுமாறாமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது, அவருடைய இரும்புச் சேமிப்பைக் காக்கிறது. மூன்றாவது விதியில் கொடுப்பவரின் நலனும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முகம் தெரியாத ஒரு நோயாளிக்காகப் போடப்பட்டது. இவற்றைக் கலந்து பேசுவதால்தான் 'என் ரத்தம் கெட்ட ரத்தமாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்' என்று மனம் நொந்துபோகிறவர்களைப் பார்க்கிறோம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு தடவையில் எவ்வளவு?

ஒருவர் உடலில் எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்பது பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. ஆண்களுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், பெண்களுக்குச் சுமார் 65 மில்லிலிட்டர் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 60 கிலோ எடையுள்ள ஆணிடம் ஏறக்குறைய 4.2 லிட்டர் இருக்கும். 45 கிலோ எடையுள்ள பெண்ணிடம் 2.9 லிட்டர்தான்.

ரத்தம் எடுக்கும் பைகள் பெரும்பாலும் 350 அல்லது 450 மில்லிலிட்டர் அளவில் இருக்கும். அந்த 60 கிலோ ஆணிடம் 450 எடுத்தால் மொத்த ரத்தத்தில் 11 சதவீதம்கூடப் போகாது. அதே 450ஐ 45 கிலோ பெண்ணிடம் எடுத்தால் 15 சதவீதத்தைத் தாண்டிவிடும். 350 எடுத்தால் 12 சதவீதம். மொத்த ரத்தத்தில் 13 சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. விபத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களை மருத்துவர்கள் நிலை நிலையாகப் பிரிப்பார்கள். அதில் முதல் நிலை 15 சதவீதம் வரை. ஆரோக்கியமான உடல் இந்த அளவு இழப்பைப் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாமல் சமாளித்துக்கொள்ளும். தானத்தின் வரம்பு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளேயே நின்றுகொள்கிறது.

ஆக, 'குறைந்தது 45 கிலோ', 'குறைந்தது 50 கிலோ' என்று ஒவ்வொரு நாட்டிலும் சொல்லப்படும் எடை வரம்பு ஒல்லியானவர்களை அவமதிக்க வந்ததல்ல. அந்த நாட்டில் பயன்படும் பையின் அளவை வைத்துப் போட்ட கணக்கு அது.

'அப்படியென்றால் என்னிடம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்களேன்' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பை வெறும் பை அல்ல. ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, அதற்குள் முன்கூட்டியே மருந்துத் திரவம் ஊற்றி வைத்திருப்பார்கள். 450 மில்லிலிட்டர் பையில் அது வழக்கமாக 63 மில்லிலிட்டர் இருக்கும். முழுப் பைக்கு அளந்து வைத்த மருந்தில் கால் பை ரத்தம் விழுந்தால் விகிதம் கெட்டுவிடும். அந்த ரத்தம் நோயாளிக்குப் பயன்படாமல் போகலாம்.

மயக்கம் எதனால்?

அளவு சரியாக இருந்தும் சிலருக்கு ஏன் தலைசுற்றுகிறது? பலர் நினைப்பதுபோல 'ரத்தம் குறைந்ததால்' மட்டும் வருவதல்ல அது. ஊசி குத்துவதற்கு முன்பே மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்களே! பயம், வலி, ஊசியைப் பார்த்த பதற்றம், அதோடு கொஞ்சம் திரவ இழப்பும் சேர்ந்துகொண்டால், இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் நரம்பு திடீரென்று அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்கும். இதயம் மெதுவாகும், ரத்தக் குழாய்கள் விரியும், மூளைக்குப் போகும் ரத்தம் சில விநாடிகளுக்குக் குறையும். உடனே ஆள் சாய்ந்துவிடுவார். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும்.

இளவயதினர், முதல் தடவை கொடுப்பவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது கூடுதலாக வருகிறது. கொடுப்பதற்குச் சற்று முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது, ரத்தம் எடுக்கும்போது கால் தசைகளை விட்டுவிட்டு இறுக்குவது, முடிந்ததும் சட்டென்று எழாமல் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது, இவை உண்மையிலேயே பலன் தருபவை. வெறும் வயிற்றில் போய்ப் படுக்காதீர்கள். இவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போகலாம். விஷயம் அங்கேதான் சுவாரசியமாகிறது.

ரத்தம் 'ஊறுவது' என்றால் என்ன?

ஒரு பாத்திரம் பாலிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துவிட்டு, அதே அளவு தண்ணீரை ஊற்றுங்கள். பாத்திரம் மறுபடியும் நிரம்பிவிட்டது. ஆனால் அதே பாலா? இல்லை, கொஞ்சம் நீர்த்துப்போன பால்.

ரத்த தானத்துக்குப் பிறகு முதலில் நடப்பதும் இதுதான். ரத்தத்தில் பாதிக்கு மேல் பிளாஸ்மா. அதாவது, அணுக்கள் மிதக்கும் வெளிர்மஞ்சள் திரவம், பெரும்பகுதி தண்ணீர். ரத்தம் வெளியே போனதும் திசுக்களில் உள்ள நீரும் நாம் குடிக்கும் நீரும் ரத்தக் குழாய்க்குள் வந்து சேர்கின்றன. ஒன்றிரண்டு நாளில் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். '24 மணி நேரத்தில் ஊறிவிடும்' என்கிறவர் சொல்வது இதைத்தான். அவர் சொல்லாமல் விட்டது, ரத்தம் நீர்த்திருக்கிறது என்பதை.

சிவப்பணுக்கள் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனைச் சுமந்துபோய் உடலெங்கும் கொடுக்கும் அணுக்கள் இவை. அந்தச் சுமையைத் தாங்கும் சிவப்புப் புரதத்துக்குப் பெயர் ஹீமோகுளோபின். சிவப்பணுக்கள் குறைந்ததும் ஆக்சிஜன் வரத்துக் குறைவதைச் சிறுநீரகம் உணர்கிறது. உடனே அது ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜைக்குத் தகவல் அனுப்புகிறது: 'உற்பத்தியைக் கூட்டு.' மஜ்ஜை சாதாரண நாளிலேயே விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து தள்ளும் தொழிற்சாலை. இப்போது அது கூடுதல் ஷிப்ட் பார்க்கும். இழந்த சிவப்பணுக்கள் ஈடாக ஏறக்குறைய நான்கிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும், தொழிற்சாலைக்கு மூலப்பொருள் தட்டில்லாமல் கிடைத்தால்.

அந்தக் கடைசி 'கிடைத்தால்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இரும்புக் கணக்கு

ஹீமோகுளோபினின் மையத்தில் இருப்பது இரும்பு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு உண்டு. ஒருவருடைய ஹீமோகுளோபின் 14 என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 14 கிராம். அவர் 450 மில்லிலிட்டர் கொடுத்தால் 63 கிராம் ஹீமோகுளோபின் போகிறது. 3.4ஆல் பெருக்கினால் 214 மில்லிகிராம் இரும்பு.

214 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் உடலின் இரும்பு நிர்வாகம் மகா கஞ்சத்தனமானது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது செத்ததும் உடல் அதிலிருக்கும் இரும்பை வீணாக்காமல் கழற்றி எடுத்து, புதிய அணுவுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படி மறுசுழற்சியில் ஓடுகிறது. உணவிலிருந்து குடல் உள்ளே விடுவதோ நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். தோலும் குடலும் உதிர்க்கும் செல்களோடு தினமும் வெளியேறும் சிறு இழப்பையும் அதே வரவை வைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். சேமிப்பு குறைந்தால் குடல் தன் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கும், உண்மைதான். ஆனாலும் 214 மில்லிகிராமைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது மாதக்கணக்கில் ஆகும் வேலை. தானம் என்பது மறுசுழற்சிச் சக்கரத்திலிருந்தே ஒரு பங்கை வெளியே எடுத்துக் கொடுத்துவிடுவது.

இங்கேதான் பலர் ஏமாறும் இடம் வருகிறது. உங்கள் கையில் ஒரு பர்ஸ், வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு. செலவு வந்தால் வங்கியிலிருந்து எடுத்துப் பர்ஸை நிரப்பிக்கொள்கிறீர்கள். பர்ஸை மட்டும் பார்ப்பவருக்கு நீங்கள் எப்போதும் பணக்காரர்தான். வங்கிக் கணக்கு காலியாகும் நாள்வரை. ஹீமோகுளோபின் அந்தப் பர்ஸ். சேமிப்புக் கணக்கின் பெயர் ஃபெரிட்டின். இரும்பைப் பொதிந்து சேமித்து வைக்கும் புரதம் அது. ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தால் கிடங்கில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று ஊகிக்கலாம். ரத்தம் கொடுக்கப் போகும்போது பெரும்பாலான இடங்களில் பர்ஸைத்தான் சோதிக்கிறார்கள், வங்கிக் கணக்கை அல்ல. எனவே ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே ஒருவரின் இரும்புக் கிடங்கு காலியாக இருக்கலாம். காரணம் தெரியாத சோர்வு, முடி கொட்டுவது, ராத்திரியில் கால் குடைச்சல் என்று அது தலைகாட்டலாம்.

2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. ரத்தம் கொடுத்தபின் இரும்பு மாத்திரை எடுத்துக்கொள்ளாதவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, 24 வாரம் கழித்தும் இழந்த இரும்பு முழுதாகத் திரும்பவில்லை. கிட்டத்தட்ட ஆறு மாதம்! குறைந்த அளவு இரும்பு மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள் அவர்களைவிட வெகு வேகமாக மீண்டார்கள். அடிக்கடி கொடுப்பவர்கள் 'நல்லாச் சாப்பிட்டால் போதும்' என்ற அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஃபெரிட்டின் பரிசோதனை பற்றியும் மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது என்பது என் கருத்து. தாமாகவே மாத்திரை வாங்கிப் போடுவது வேண்டாம். சிலருக்கு உடலில் இரும்பு ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கும்.

பெண்களுக்கு ஏன் கூடுதல் இடைவெளி?

ஆண்களின் கிடங்கில் பொதுவாக ஆயிரம் மில்லிகிராம் வாக்கில் இரும்பு இருக்கும். மாதவிடாய் வரும் வயதுப் பெண்களுக்கு 300 வாக்கில்தான். அதே 214ஐ இரண்டிலிருந்தும் கழித்துப் பாருங்கள். ஒருவருக்கு ஐந்தில் ஒரு பங்கு, இன்னொருவருக்கு மூன்றில் இரண்டு பங்கு. இதில் பலவீனம், பலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கையிருப்பு வேறு, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்தியாவில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள். இங்கிலாந்தில் 12 வாரம், 16 வாரம். அமெரிக்காவிலோ இருவருக்கும் 56 நாள்தான். உடல் ஒன்றுதானே, எண் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது? ஏனென்றால் இது இயற்கை எழுதி வைத்த எண் இல்லை. மருத்துவமனைகளின் தேவை ஒரு பக்கம், கொடுப்பவரின் இரும்பு ஒரு பக்கம் என்று தராசில் வைத்து ஒவ்வொரு நாடும் எடுத்த முடிவு. இங்கிலாந்தில் சுமார் 45,000 பேரை வைத்து நடந்து 2017இல் வெளியான பெரிய ஆய்வில், ஆண்களில் சிலரை 8 வாரத்துக்கு ஒருமுறையும் பெண்களில் சிலரை 12 வாரத்துக்கு ஒருமுறையும் கொடுக்க வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் நிறையக் கிடைத்தது. வாழ்க்கைத் தரத்தில் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் இறங்கின. 'இன்று வேண்டாம்' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கூடினார்கள். எதிர்பார்க்கக்கூடியதுதான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தண்ணீர் ஓரிரு நாளில் வருகிறது, சிவப்பணு ஓரிரு மாதத்தில் வருகிறது, இரும்பு பல மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. மூன்று மாத இடைவெளி என்பது நடுவில் நிற்கும் ஒரு சமரசம்.

சொட்டு மூழ்கினால் தேர்ச்சி

ஹீமோகுளோபின் எத்தனை இருந்தால் கொடுக்கலாம்? சில நாடுகளில் இருபாலருக்கும் 12.5. வேறு சில நாடுகளில் பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13 அல்லது 13.5. இதைச் சோதிக்க இப்போது சின்னக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் பழைய முறை ஒன்று இருக்கிறது, எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். நீல நிறத்தில் காப்பர் சல்பேட் கரைசல். அதன் அடர்த்தியைத் தண்ணீரைப் போல 1.053 மடங்காக அமைத்திருப்பார்கள். விரலில் குத்திய ஒரு சொட்டு ரத்தத்தை அதில் விடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5க்கு மேல் இருந்தால் சொட்டு கனமாக இருக்கும், 15 விநாடிக்குள் மூழ்கிவிடும். குறைவாக இருந்தால் தயங்கி நிற்கும், அல்லது மேலே வரும்.

என்னுடைய சொட்டு ஒருமுறை பாதியில் நின்றுவிட்டது. சரி, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஏதோ பரீட்சையில் தோற்ற மாதிரி இருந்தது. ஆனால் இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிப்பதற்காக வந்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில், கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. 12.2 இருக்கும் பெண் ரத்தம் கொடுக்க முடியாது. ஆனால் அவருக்கு ரத்தசோகை இல்லை. இதன் மறுபக்கமும் உண்டு. ஆண்களுக்கு ரத்தசோகைக் கோடு 13. இருபாலருக்கும் 12.5 என்று விதி உள்ள இடத்தில் 12.7 இருக்கும் ஆண் தாராளமாகத் தேறிவிடுவார், லேசான ரத்தசோகையோடு. 'ரத்தம் எடுத்துக்கொண்டார்கள், அப்படியானால் நான் ஆரோக்கியம்' என்ற முடிவும் அதனால் சரியில்லை.

ஹாரிசன் கணக்குக்கு விடை

இப்போது அந்த 1,173க்கு வருவோம். ஹாரிசன் கொடுத்ததில் பெரும்பகுதி முழு ரத்தம் அல்ல, பிளாஸ்மா.

ஒரு கருவி கையிலிருந்து ரத்தத்தை எடுத்துச் சுழற்றும். எடை வித்தியாசத்தால் அணுக்களும் திரவமும் பிரியும். தேவையான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை அதே கைக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் அஃபெரிசிஸ். 'பிரித்தெடுத்தல்' என்று புரிந்துகொண்டால் போதும். பிளாஸ்மா கொடுப்பவரிடம் சிவப்பணுக்கள் திரும்பி வந்துவிடுகின்றன. சிவப்பணு வந்தால் அதோடு இரும்பும் வந்துவிடுகிறது. மிச்சம் ஈடாக வேண்டியது நீரும் புரதங்களும்தான். எனவே ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா கொடுக்கலாம். ஹாரிசனின் பிளாஸ்மாவில் ஓர் அரிய எதிர்ப்புப் புரதம் இருந்தது. தாயின் ரத்தம் நெகட்டிவாகவும் குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாகவும் இருக்கும் கர்ப்பங்களில், தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தையைத் தாக்காமல் தடுக்கும் ஊசி மருந்தை அதிலிருந்து செய்தார்கள். பதினான்கு வயதில் மார்பில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, அடுத்தவர்கள் கொடுத்த ரத்தத்தால் பிழைத்தவர் அவர். 2025இல் காலமானார்.

தட்டணு எனப்படும் பிளேட்லெட்டும் இதே முறையில் கொடுக்கலாம். காயத்தை அடைக்க ஒன்றுகூடும் சிறு துணுக்குகள் இவை. இயல்பிலேயே எட்டுப் பத்து நாள்தான் வாழும் என்பதால் உடல் எப்போதும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். இரண்டு தானங்களுக்கு நடுவே குறைந்தது 48 மணி நேரம், வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 24க்கு மேல் கூடாது என்பது இந்தியா, அமெரிக்கா இரண்டிலும் உள்ள வரம்பு. சேமித்து வைத்தாலும் பிளேட்லெட் ஐந்து நாள் போலத்தான் தாங்கும். சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வைக்கலாம். பிளேட்லெட் கேட்டு வரும் அழைப்புகள் எப்போதும் அவசரமாகவே இருப்பதன் ரகசியம் இதுதான்.

நெருப்புக்கும் புகைக்கும் நடுவே

மூன்றாவது கேள்வி: யார் கொடுக்கலாம்? இங்கே விதிகளின் பட்டியல் நீளமானது. நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை ஒப்பிப்பதில் பயனில்லை. பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் தர்க்கம் தெரிந்தால் பாதி விதிகளை நீங்களே யூகித்துவிடலாம்.

'எப்படியும் எடுத்த ரத்தத்தைச் சோதிக்கத்தானே போகிறார்கள், பிறகு எதற்கு இத்தனை கேள்வி?' என்று எரிச்சல்படுபவர்கள் நிறைய. காரணம், சோதனைக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. நெருப்புப் பற்றிய அடுத்த நொடியே புகை தெரிவதில்லை. கிருமி உடலுக்குள் நுழைந்தால் அதை எதிர்க்க உடல் எதிர்ப்புப் புரதங்களைச் செய்யும். பழைய வகைச் சோதனைகள் தேடுவது இந்தப் புகையைத்தான். எச்ஐவி தொற்றினால் புகை தெரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதற்குள் ரத்தம் கொடுத்தால் சோதனை 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லும், ரத்தத்தில் கிருமி இருக்கும். தொற்றுக்கும் சோதனையில் தெரிவதற்கும் நடுவே உள்ள இந்த நாட்களை விண்டோ பீரியட் என்பார்கள். கிருமியின் மரபுப் பொருளையே நேராகத் தேடும் புதிய சோதனைகள் எச்ஐவிக்கு இந்தக் காலத்தைப் பத்து நாள் வாக்கில் சுருக்கிவிட்டன. சுருக்கினவே தவிர, பூஜ்யமாக்கவில்லை. ஒரு பை ரத்தம் பெரும்பாலும் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று மூன்றாகப் பிரிந்து மூன்று பேருக்குப் போகும். ஒரு தவறு மூன்று தவறாகிவிடும்.

அந்தக் குருட்டுப் புள்ளியை மூடுவது சோதனையல்ல, உங்கள் பதில். பச்சை குத்தினீர்களா, யாரோடு எப்போது உறவு கொண்டீர்கள், எங்கே பயணம் போனீர்கள் என்ற கேள்விகள் எல்லாம் கடைசி சில வாரங்களையோ மாதங்களையோ பற்றியவை. பச்சை குத்தியவர் இங்கிலாந்தில் நான்கு மாதம் காத்திருக்க வேண்டும், இந்தியாவில் ஓர் ஆண்டு. மையால் ரத்தம் கெட்டுப்போகிறது என்று அர்த்தமில்லை. சுத்தமில்லாத ஊசி வழியே ஏதாவது நுழைந்திருந்தால், அது சோதனையில் தென்படும் நாள்வரை பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். 'இலவசமாக எச்ஐவி சோதனை பார்த்துக்கொள்ளலாமே' என்று சந்தேகத்தோடு ரத்தம் கொடுக்கப் போவது எவ்வளவு ஆபத்து என்பதும் இப்போது புரியும். சோதனை வேண்டுமென்றால் சோதனை மையத்துக்குப் போக வேண்டும்.

விதிகள் காலத்தோடு மாறவும் செய்கின்றன. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்பதற்காகவே ஒரு குழுவாகத் தள்ளிவைத்த முறையை இங்கிலாந்து 2021இலும் அமெரிக்கா 2023இலும் கைவிட்டன. 'நீ யார்' என்பதற்குப் பதிலாக 'சமீபத்தில் என்ன நடந்தது' என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். விண்டோ பீரியடின் தர்க்கத்துக்கு இதுதான் பொருந்துகிறது.

மாத்திரை சாப்பிடுகிறவர் கொடுக்கலாமா?

பெரும்பாலும் சிக்கல் மாத்திரையில் இல்லை, அதைச் சாப்பிட வைத்த நோயில் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் எடுப்பவரைத் தள்ளிப்போடச் சொல்வது, உடலில் தொற்று இருக்கிறது என்பதால். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து, அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால் பல இடங்களில் கொடுக்கலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோடு இருப்பவர்களுக்கும் அப்படியே; இன்சுலின் போடுபவர்களுக்கு விதி நாட்டுக்கு நாடு வேறு. சர்க்கரை நோய் ரத்தத்தின் வழியே அடுத்தவருக்குத் தொற்றாது. அங்கே கவலை கொடுப்பவரைப் பற்றியதுதான்.

மருந்தே பிரச்சினையாகும் சில இடங்களும் உண்டு. முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் கருவில் உள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் அல்லவா? அதனால் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குத் தரும் அசிட்ரெட்டின் உடலில் நெடுநாள் தங்கும் என்பதால் அதற்கு மூன்று ஆண்டு! ஆஸ்பிரின் பிளேட்லெட்டை மட்டும் முடக்கும். ஆகவே பிளேட்லெட் தானத்துக்குத்தான் சில நாள் இடைவெளி. உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமி கொண்ட தடுப்பூசி போட்டால் சில வாரம் தள்ளிப்போட வேண்டும். செத்த கிருமியில் செய்த தடுப்பூசிக்கு அவ்வளவு தேவையில்லை. மலேரியா வந்தவர்கள் வெகுநாள் காத்திருக்க நேர்கிறது. ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கக்கூடியது என்பதே காரணம்.

கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவித்தவர்கள், தீவிர இதய நோய் உள்ளவர்கள் ஆகியோரைத் தவிர்ப்பது முழுக்க முழுக்க அவர்கள் நன்மைக்காக. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி போன்ற தொற்று உள்ளவர்களுக்கு நிரந்தரத் தடை உண்டு. மற்றபடி 'வேண்டாம்' என்ற பதிலில் பெரும்பகுதி 'இன்று வேண்டாம்' என்பதே. திருப்பி அனுப்பினால் இரண்டு கேள்வி கேளுங்கள்: காரணம் என்ன, எந்தத் தேதிக்குப் பிறகு வரலாம்? என்னிடம் சொட்டு பாதியில் நின்ற அன்று யாரும் இதைச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றரை வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம், இன்னொரு வதந்தி. அடிக்கடி கொடுத்துப் பழகிவிட்டால் உடல் தேவைக்கு மேல் ரத்தம் ஊறவைக்கும், நிறுத்தினால் ஆபத்து என்பது. சிறுநீரகம் அனுப்பும் ஹார்மோன் தேவை தீர்ந்ததும் தானாகக் குறைந்துவிடும். மேலே சொன்ன தொழிற்சாலை பழைய ஷிப்டுக்குத் திரும்பிவிடும், அவ்வளவே.

கொடுத்து வந்த பிறகு

தகுதி பற்றிய கேள்வி ஊசியை எடுத்ததும் முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் காய்ச்சல் அடிக்கிறது, அல்லது கேள்வித்தாளில் சொல்ல மறந்த ஒன்று, சொல்லக் கூச்சப்பட்ட ஒன்று நினைவுக்கு வருகிறது என்றால், ரத்த வங்கிக்கு ஒரு போன் செய்ய வேண்டும். பதற வேண்டாம், திட்ட மாட்டார்கள். இப்படி வரும் அழைப்புகளுக்கென்றே நடைமுறை வைத்திருப்பார்கள். உங்கள் சிவப்பணுக்கள் அப்போதும் அவர்களுடைய குளிர்பெட்டியில் இருக்க வாய்ப்பு அதிகம். பையில் ஒட்டிய எண்ணை வைத்துத் தேடி எடுத்து, தனியே ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.